லோடு வண்டிக்கு எந்த ஆயில், எந்த ஃபில்டர்? பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, யோதா, டி-மேக்ஸ், குட்டியானை என்று பெயர் எதுவானாலும் நம் ஊரில் எல்லாம் லோடு வண்டிதான். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றும் வண்டிக்கும் குவாரிச் சாலையில் எம்-சாண்ட் ஏற்றும் வண்டிக்கும் ஆயில் மாற்றும் நாளில் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த கம்பெனி ஆயில் நல்லது என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதாடுகிறோம். அதே வண்டியில் ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப் உடைந்து மாதக்கணக்கில் கம்பி கட்டி ஓடுகிறது. சரியான ரக ஆயில், நேரத்துக்கு மாற்றுவது, தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது: லோடு வண்டி இன்ஜினுக்கு வேண்டியது இந்த மூன்றுதான். விலை உயர்ந்த டப்பா இதில் எதையும் ஈடுகட்டாது.

என் வண்டிக்கு எந்த ஆயில் என்று எங்கே பார்ப்பது?

வண்டியோடு கொடுத்த கையேட்டில். தொலைந்துவிட்டால் கம்பெனி இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டு வாங்கலாம். அதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்ற கிரேடு. இன்னொன்று ஏபிஐ சிஐ-4, சிகே-4, ஏசிஇஏ சி3 போன்ற தரக்குறியீடு. கிரேடை எல்லோரும் கேட்பார்கள், தரக்குறியீட்டைக் கேட்பவர் குறைவு. உண்மையில் வண்டியைக் கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

“பக்கத்து வீட்டு அண்ணன் அதே பிக்கப்தான் வைத்திருக்கிறார், அவர் ஊற்றுவதையே ஊற்றுகிறேன்” என்று போகாதீர்கள். ஒரே பெயரில் பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்6 (பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதி) என்று மூன்று தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. வெளியே பாடி ஒன்றுதான். உள்ளே இன்ஜினும் சைலன்சரும் வேறு. நாடு முழுக்க பிஎஸ்4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல், பிஎஸ்6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1 முதல். ஆர்சியைப் பார்த்து உங்களுடையது எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

15டபிள்யூ-40 என்றால் என்ன?

இது தடிமனைச் சொல்லும் எண், தரத்தைச் சொல்வதில்லை. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஆயில் இறுகாமல் சீக்கிரம் மேலே ஏறும். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் தை மாதக் காலையில்கூட 15டபிள்யூ போதும் என்பது இதிலிருந்தே தெரியும்.

பின்னால் வரும் 40 அல்லது 30, இன்ஜின் சூடான பிறகு இருக்கும் தடிமன். 100 டிகிரியில் 40 கிரேடு ஆயில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்; 30 கிரேடு 9.3 முதல் 12.5-க்குள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இந்த எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

வேண்டாம். வேலூரில் வெளியே 42 டிகிரி அடிக்கலாம். ஆனால் ஓடும் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் எப்படியும் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கூலன்ட் சூட்டை தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துவதால் மார்கழிக்கும் சித்திரைக்கும் இருக்கும் வித்தியாசம் இன்ஜினுக்குள் அவ்வளவாக எட்டாது. ஃபுல் லோடில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது ஆயில் சூடு கூடுவது உண்மைதான், அதையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பெனி கிரேடு சொல்கிறது. கையேட்டிலேயே வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்திருந்தால் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள். 5டபிள்யூ-30 மட்டும் என்று இருந்தால் அதை மட்டும்தான்.

சிஎஃப்-4, சிஐ-4, சிகே-4... இந்த எழுத்துகளை எப்படிப் படிப்பது?

ஏபிஐ என்பது அமெரிக்க பெட்ரோலியக் கழகம். அவர்கள் குறியீட்டில் ‘சி’ என்று தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கு, ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு. ‘சி’-க்கு அடுத்த எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போக ரகம் புதியது. சிஎச்-4 1998-இல் வந்தது, சிஐ-4 2002-இல், சிகே-4 2016 டிசம்பரில்.

சிகே-4 ஆயிலைப் பழைய சிஐ-4, சிஎச்-4 கேட்கும் வண்டிகளில் ஊற்றலாம், அப்படித்தான் அந்த ரகத்தை வகுத்திருக்கிறார்கள். தலைகீழாகச் செய்யக்கூடாது. சிகே-4 கேட்கும் வண்டியில் சிஎஃப்-4 ஊற்றினால் இன்று ஒன்றும் தெரியாது, விளைவு பின்னால் வரும். அப்புறம், எஃப்ஏ-4 என்று ஒரு ரகம் இருக்கிறது. அது மெல்லியது, சில புதிய இன்ஜின்களுக்கென்றே செய்தது. கையேட்டில் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் ஒழிய தொடாதீர்கள்.

பிஎஸ்6 வண்டியில் பழைய வண்டிக்கு ஊற்றிய அதே ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய செலவு காத்திருக்கிறது.

பிஎஸ்6 டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறையச் சேர்ந்ததும் வண்டி தானே சூட்டை ஏற்றி அந்தக் கரியை எரித்துவிடும். ஆனால் கரியோடு சேர்ந்து சாம்பலும் வருகிறது. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி இன்ஜின் ஆயிலிலிருந்துதான் வருகிறது. ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி டிபிஎஃப் துளைகளில் தங்குகின்றன. எவ்வளவு சூடு ஏற்றினாலும் சாம்பல் எரியாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். அதன் விலையைக் கேட்டால் வருஷக்கணக்கான ஆயில் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் டிபிஎஃப் வண்டிகளுக்குக் குறைந்த சாம்பல் ஆயில் கேட்கிறார்கள். சிஜே-4, சிகே-4 ஆயில்களில் சல்ஃபேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிஐ-4 ரகத்தில் அப்படி ஒரு வரம்பே வைக்கவில்லை. ஐரோப்பிய ஏசிஇஏ சி2, சி3 ரகங்களில் வரம்பு இன்னும் இறுக்கம், 0.8 சதவீதம். ஆகவே கையேடு சி2 அல்லது சி3 என்று கேட்டால், சிகே-4 டப்பாவைக் கொடுத்து “இதுவும் பிஎஸ்6 ஆயில்தான்” என்று கடையில் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, கையேட்டில் உள்ள குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். முன்பக்கத்தில் பெரிதாக ‘பிஎஸ்6’ என்று போட்டிருப்பது மட்டும் போதாது.

சிந்தெடிக் அவசியமா?

கையேடு 15டபிள்யூ-40 சிஐ-4 கேட்கிறது, நீங்களும் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறீர்கள் என்றால் சாதாரண மினரல் ஆயில் போதும். 5டபிள்யூ-30 குறைந்த சாம்பல் ரகம் கேட்டால் அது பெரும்பாலும் சிந்தெடிக்காகத்தான் கிடைக்கும். தேர்வு செய்ய ஒன்றுமில்லை. சிந்தெடிக் அதிக சூட்டைத் தாங்கும், மெதுவாகக் கெடும். ஆனால் “சிந்தெடிக் ஊற்றிவிட்டேன், இனி இரண்டு மடங்கு ஓட்டலாம்” என்று கணக்குப் போடுவது தவறு. கரியும் தூசியும் டீசல் கலப்பும் எந்த ஆயிலிலும் ஒரே வேகத்தில்தான் சேரும்.

எந்த கம்பெனி நல்லது?

சர்வோ, மேக், ஹெச்பி, காஸ்ட்ரால், கல்ஃப், வால்வோலின், ஷெல் எல்லாவற்றிலும் சரியான ரகம் கிடைக்கிறது. மஹிந்திராவின் மேக்ஸிமைல் போல வண்டிக் கம்பெனிகள் தங்கள் பெயரிலும் விற்கின்றன. குறியீடு பொருந்தி, டப்பா அசலாக இருந்தால் இவற்றில் எதை ஊற்றினாலும் இன்ஜினுக்கு ஒன்றுதான். வாரண்டி ஓடும் வண்டி என்றால் கம்பெனி சர்வீஸிலேயே மாற்றி பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை இன்ஜினில் பிரச்சினை வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

வழியில் ஆயில் குறைந்துவிட்டது. வேறு கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா?

கலக்கலாம், ஆயில் திரிந்துபோகாது. அதே கிரேடு, அதே குறியீடு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காத இடத்தில் கிடைத்ததை அரை லிட்டர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பைக் ஆயிலை மட்டும் தவிருங்கள். ஜாசோ எம்ஏ என்று போட்டிருப்பது பைக்கின் ஈரக் கிளட்சுக்காகச் செய்தது, டீசல் கரியைத் தாங்கும் மருந்து அதில் போதுமான அளவு இருக்காது.

போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊற்றிய பிறகு பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. வாங்கும்போதே பாருங்கள். மூடியின் சீல் வளையம் முழுதாக இருக்கிறதா, மூடிக்கு அடியில் உள்ள தகட்டுத்தாள் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா, டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண்ணும் தேதியும் விரலால் தேய்த்தால் அழிகிறதா, க்யூஆர் குறி இருந்தால் ஸ்கேன் செய்தால் என்ன வருகிறது என்று சோதியுங்கள். பெட்ரோல் பங்க்கிலோ கம்பெனி டீலரிடமோ வாங்குவது பாதுகாப்பு. ஊரெல்லாம் ஒரு விலைக்கு விற்பதை ஒரு கடையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தால் அந்த டப்பாவை வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. காலி டப்பாவை அப்படியே பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போடாதீர்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு வேண்டியது அசல் டப்பாதான். ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் நான்கு இடத்தில் குத்திவிட்டு, லேபிளையும் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

கையேடு சொல்லும் எண்தான் மேல் வரம்பு. ஆனால் அந்த எண் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கையேடு 10,000 கிமீ என்கிறது என்று வையுங்கள். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் சராசரி 50 கிமீ வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது 200 மணி நேர ஓட்டம். அதே வண்டி கோயம்பேடு மார்க்கெட்டுக்குள் ஊர்ந்து, கடைகடையாக நின்று, சராசரி 20 கிமீ வேகத்தில் ஓடினால் அதே 10,000 கிமீக்கு 500 மணி நேரம். மீட்டரில் எண் ஒன்றுதான். ஆயில் உழைத்ததோ இரண்டரை மடங்கு. இதில் இன்ஜினை அணைக்காமல் லோடு இறக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐடிலில் நிற்கும் நேரமெல்லாம் கிலோமீட்டரில் சேராது, ஆயிலில் சேரும்.

கையேட்டிலேயே ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும். தூசி, அதிக பாரம், மலைப்பாதை, அடிக்கடி நிறுத்தி எடுப்பது எல்லாம் அதில் வரும். நம் லோடு வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அதற்கு என்ன இடைவெளி சொல்லியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் மார்க்கெட், குவாரி ஓட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்வது என் கணக்கு. குறைவாக ஓடும் வண்டி என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

மாற்றி இரண்டே நாளில் ஆயில் கருத்துவிட்டது. கெட்டுப்போன ஆயிலா?

இல்லை. டீசல் இன்ஜினில் கரி இருக்கும். அதைத் தனக்குள் மிதக்கவிட்டு, எங்கும் படியாமல் வைத்திருப்பதுதான் ஆயிலின் வேலை. கருப்பானால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கவலைப்பட வேண்டிய நிறம் வேறு: பால் கலந்த காபி போல வெளுத்து நுரைத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடிக்கொண்டே போகிறது. நல்லதுதானே?

ஆபத்து. குறைவதைவிடக் கூடுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். டிபிஎஃப் கரியை எரிக்கும்போது சில இன்ஜின்களில் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் தெளிக்கும். எரிப்பு முடிவதற்குள் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டால், அதுவும் அடிக்கடி நடந்தால், அந்த டீசல் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் மெலிந்துபோகும், பேரிங் தேயும். அளவு மிக அதிகமானால் அந்தக் கலவையை இன்ஜின் தானே இழுத்து எரிக்கத் தொடங்கலாம். அப்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் முடிந்துவிடும்.

ஆகவே வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, காரணத்தையும் தேடுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் கையேடு சொல்வது போல நெடுஞ்சாலையில் ஓட்டி எரிப்பை முடிக்கவிடுவது ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கம்.

ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

ஆமாம். பழைய ஃபில்டருக்குள் அழுக்கு ஆயில் தங்கியிருக்கும், அதைப் புதியதோடு கலப்பதில் என்ன பயன்? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபில்டர் காகிதம் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக இன்ஜினுக்குப் போகும். இன்ஜின் காய்ந்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஓடுவது டேஷ்போர்டில் தெரியாது.

லோக்கல் ஃபில்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

மரை பொருந்தினால் ஃபில்டர் பொருந்தியதாக அர்த்தம் இல்லை. பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு சரியில்லை என்றால் இரவில் ஆயிலெல்லாம் சம்ப்புக்கு (இன்ஜினின் அடித்தொட்டி) இறங்கிவிடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி கடகடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சில வினாடிகளில் டர்போ ஆயில் இல்லாமல் சுற்றுகிறது.

சந்தேகம் இருந்தால் கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். நல்ல ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்று கட்டர் வைத்திருப்பார்கள். ஹேக்சாவால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து பார்வையைக் கெடுக்கும். காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். நல்ல ஃபில்டரில் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் இருக்கும். இரண்டு முனைகளும் பசையிலோ தகட்டிலோ முழுதாக ஒட்டியிருக்கும். மோசமானதில் மடிப்புகள் ஒரு பக்கம் சரிந்து, நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கும். ஆயில் அந்த வழியில்தான் போயிருக்கும். மடிப்பில் பளபளப்பான துகள் தெரிந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னினால் பேரிங் உலோகமாக இருக்கலாம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கம்பெனி ஃபில்டர், அல்லது பாஷ், மான், ஃப்ளீட்கார்ட், பியூரொலேட்டர், எலோஃபிக் போன்றவற்றில் உங்கள் இன்ஜினுக்கென்று பட்டியலில் உள்ள எண். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். மிச்சமாகும் காசு ஒரு நாள் டீசலுக்குக்கூட வராது.

நானே மாற்றுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையமும் நழுவி, ஓடும்போது மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். ஃபில்டரின் மேலேயே சுற்று அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். டிரெய்ன் நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். அலுமினிய சம்ப் என்றால் நட்டை மிதித்து இறுக்கினால் மரை போய்விடும். ஊற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்.

ஏர் ஃபில்டருக்கு வாராவாரம் ஏர் அடிக்கிறேன். போதுமா?

அதிகமாகவே செய்கிறீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்று 8 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் வரும். அதைக் காகிதத்தின் அருகே பிடித்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். பிறகு ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் இன்னும் மோசம், அழுக்கைக் காகிதத்துக்குள் நாமே குத்தி ஏற்றுகிறோம். கையேடு சுத்தம் செய்ய அனுமதித்தால் மட்டும், 2 பாருக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே, கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடியுங்கள். இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டருக்கு ஏர் அடிக்கவே கூடாது, மாற்றுவது மட்டும்தான்.

ஏர் ஃபில்டரில் தூசி படிய ஆரம்பிப்பது கெடுதல் இல்லை. மேலே படியும் தூசியே ஒரு வடிகட்டி அடுக்காக நின்று அடுத்த தூசியைப் பிடிக்கும். அதனால் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சீல் தவறி உட்கார ஒரு வாய்ப்பு கொடுக்கிறோம்.

பார்க்க வேண்டியது ஃபில்டருக்கு அடுத்த பக்கத்தை. ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்தால் தூசி எங்கோ புகுந்திருக்கிறது என்று பொருள். உடைந்த கிளிப், வளைந்த மூடி, தளர்ந்த கிளாம்ப், ஹோஸின் மடிப்பில் வெடிப்பு, சரியாக உட்காராத லோக்கல் ஃபில்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். மண்ணில் இருக்கும் மணல்துகள் இரும்பைவிடக் கடினம். அது டர்போ இறக்கையை அரித்து, பிஸ்டன் ரிங்கைத் தேய்த்து, ஆயிலில் கலந்து பேரிங்குக்கும் போகும். “நல்ல ஆயில்தான் ஊற்றினேன், ஆனாலும் ஆயில் குடிக்கிறது, புகை விடுகிறது” என்று வரும் வண்டிகளில் இந்த வெள்ளைத் துணிச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

ஃபில்டர் பெட்டிக்குக் கீழே வாய் பிளந்த ரப்பர் மூக்கு இருந்தால் அதை வாரம் ஒருமுறை அமுக்கிவிடுங்கள், சேர்ந்த மண் கொட்டும். செங்கல் சூளை, குவாரி, ஏரிமண் ஓட்டம் உள்ள வண்டிக்குக் கையேட்டின் கிலோமீட்டர் பொருந்தாது. அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் இருந்தால் அதைப் பார்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் பாதி இடைவெளியில் மாற்றுங்கள். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் நம் தூசிக்கு ஏற்றதல்ல.

டீசல் ஃபில்டர்?

காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிறது. பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ளே இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே எதிரி. ஃபில்டருக்கு அடியில் திருகு இருக்கும் வண்டியில் அதைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று ஓட்டாதீர்கள்.

மாற்றும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனிலிருந்து புது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி மாட்டுவார்கள். நடுத்துளை வழியாக ஊற்றினால் அது வடிகட்டிய பக்கம். கேனில் இருந்த அழுக்கு நேரே இன்ஜெக்டருக்குப் போகும். கைப்பம்ப்பை அமுக்கியே ஏர் எடுங்கள்.

என்னுடையது பெட்ரோல் / சிஎன்ஜி வண்டி.

மாருதி சூப்பர் கேரி, பெட்ரோல் ஏஸ் போன்றவற்றுக்கு ‘எஸ்’ வரிசை ஆயில், கையேடு சொல்லும் கிரேடில். டீசல் வண்டிக்கு வாங்கியதில் மிச்சத்தை இதில் ஊற்றாதீர்கள். சிஎன்ஜியில் கரி சேராததால் ஆயில் நிறம் மாறாமல் தேன் போலவே தெரியும். அதை நம்பித் தள்ளிப்போடக்கூடாது. அதிக சூட்டில் அது உள்ளுக்குள் முதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து?

தேவையில்லை. நல்ல ஆயிலில் வேண்டிய மருந்தெல்லாம் அளந்து கலந்துதான் வருகிறது. பல வருஷமாக ஒழுங்காக ஆயில் மாற்றாத இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால், பெயர்ந்து வரும் கசடு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடலாம்.

3 லட்சம் கிமீ ஓடிய பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது. 20டபிள்யூ-50 ஊற்றலாமா?

முதலில் ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். டர்போ சீல், பிரீதர் ஹோஸ், வால்வு சீல், டிரெய்ன் நட் கசிவு: இதில் எது என்றாலும் கெட்டி ஆயில் அதைச் சரிசெய்யாது. டிபிஎஃப் இல்லாத பழைய இன்ஜினில், கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் கெட்டியானதற்கு மாறுவது வரை சரி. அதற்கு மேல் போனால் குடிப்பது கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரியும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேல்பகுதிக்கு ஆயில் ஏறத் தாமதமாகும்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

சட்டப்படி அது அபாயகரக் கழிவு. கரையான் வராமல் இருக்க மரத்தில் பூசுவது, கட்டட வேலையில் சென்டரிங் பலகைக்குத் தடவுவது, சாக்கடையில் ஊற்றுவது எல்லாமே நம் ஊரில் நடக்கிறது, எல்லாமே மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். தோலில் அடிக்கடி படுவதும் நல்லதல்ல, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூடியுள்ள கேனில், தண்ணீரோ டீசலோ கூலன்ட்டோ கலக்காமல் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பேஸ் ஆயிலாக்க (புது ஆயில் செய்வதற்கான மூல எண்ணெய்) முடியும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் உற்பத்தியாளர்களுக்கே இந்த மறுசுழற்சிப் பொறுப்பைச் சட்டம் கொடுத்திருக்கிறது, அதனால் வாங்கிக்கொள்ளும் இடங்களும் கூடி வர வேண்டும். ஃபில்டரையும் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்து வடியுங்கள். அந்த ஆயிலையும் அதே கேனில் சேருங்கள்.